அப்பீல் போட்டாலும் வீடு பறிபோகுமா? ஸ்டே வாங்காவிட்டால் சிக்கல்தான்!

"அதான் அப்பீல் போட்டாச்சே, இனி எவன் வீட்டைத் தொட முடியும்?" சிவில் வழக்கில் தோற்றவர்கள் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். சட்டமோ வேறு மாதிரி சொல்கிறது.

1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 41, விதி 5-ன்படி, அப்பீல் போட்டதாலேயே கீழ்க்கோர்ட்டு தீர்ப்பு நின்றுவிடாது. ஸ்டே கேட்டுத் தனி மனு போட வேண்டும். இல்லாவிட்டால் ஜெயித்தவர் நிறைவேற்று மனு போட்டு, அமீனாவோடு வாசலுக்கே வந்துவிடலாம்.

ஸ்டேயும் சும்மா கிடைக்காது. பெரிய நஷ்டம் வரும் என்று காட்ட வேண்டும். இழுத்தடிக்காமல் கேட்டிருக்க வேண்டும். உத்தரவாதமும் கொடுக்க வேண்டும்.

அப்பீலுக்குக் கெடு, மாவட்ட கோர்ட்டு என்றால் 30 நாள். ஐகோர்ட்டு என்றால் 90 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்கள் இதில் சேராது. கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போடலாம். ஆனால், அப்பீலை விசாரிக்கலாம் என்று கோர்ட்டு முடிவெடுக்கும்வரை ஸ்டே தர விதி 3-ஏ இடம் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியில் அமீனா வந்தால், காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருக்காது.

கெடு முடிவதற்குள் என்றால், தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே தற்காலிகத் தடை கேட்கவும் வழி உண்டு. ஆகவே, தோற்ற அன்றே நகலுக்கு மனு. கையோடு ஸ்டேக்கும் மனு. அப்புறம் பார்த்துக்கலாம் என்று இருந்தால் வீடு தங்காது.