ஊரறிந்த பாங்கி

திருநள்ளாற்றில் சனிக்கிழமை விடியுமுன்னரே நளதீர்த்தக் கரையில் விளக்குகள் தோன்றிவிடும். நல்லெண்ணெயும், எள்ளும், கருந்துணியும், பூவும் விற்பார் வரிசையாக அமர்ந்திருப்பர். வெளியூரிலிருந்து பல்லாயிரவர் வந்து நீராடி வழிபட்டுச் செல்வர். அவர்கள் கண்ணிற் படாத காட்சி ஒன்றுண்டு. மாலையிற் கடைகள் ஒடுங்கும் வேளையில் இருசக்கர வண்டியில் ஒருவர் வருவார். கையிற் சிறு குறிப்பேடு. ஒவ்வொரு கடைமுன்னும் நிற்பார், பணம் பெறுவார், ஏட்டிற் கோடிடுவார், போய்விடுவார். அவரைத் தண்டல்காரர் என்பர். சரக்கு வாங்கக் கடன் கொடுத்தவர் அவரே. அக்கடனுக்கு ஈடில்லை, சாட்சியில்லை. வட்டியை முதலிலேயே கழித்துக்கொண்டு மீதத்தைக் கொடுத்து, முழுத்தொகையையும் நாள்தோறும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வது அவர் முறை. அவ்வட்டியை ஆண்டுக் கணக்கிற் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

எங்கள் தெருவிலிருந்து அங்கே சென்று எண்ணெய் விற்கும் அக்காள் ஒருவரை, பாங்கியிற் கடன் கேட்கலாகாதா என்று வினவினேன். பாங்கியில் தம்மை அறிந்தார் ஒருவருமிலர் என்றும், தண்டல்காரரோ தம் மக்களின் பெயர் முதலாக எல்லாம் அறிவாரென்றும் அவர் விடையிறுத்தார். வட்டி மிகுதி என்பதை அவர் அறியாதவரல்லர். என்னினும் நன்றாகவே கணக்கிட்டுச் சொன்னார். ஆயினும், தம்மை அறிந்தவரிடமே செல்கிறார்.

அவ்விடை என் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. பாங்கி என்பது யாது? பணத்தை வாங்கி வைத்துப் பணத்தைக் கொடுக்கும் கூடம் மாத்திரமா? அன்று, இன்னார் நம்பத்தக்கவர், இன்னார் அல்லர் என்று அறியும் அறிவே அதன் முதல். இக்கருத்து வலியுடையதா என்பதைக் காண, நம் காவிரி நாட்டிலேயே பிறந்து வளர்ந்த கும்பகோணம் பாங்கியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1904-ஆம் ஆண்டு நம் நாட்டுக் கடன் வரலாற்றிற் குறிக்கத்தக்கது. சென்னை மாகாணத்துக் குடியானவர் கடனிற் படும் பாட்டை ஆராய்ந்து பிரெடரிக் நிக்கல்சன் எழுதிய அறிக்கைக்குப் பின்னர், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அவ்வாண்டிலேதான் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் கும்பகோணம் பாங்கி லிமிடெட் பதிவாயிற்று. அதன் அமைப்பு விதிகளில் இருபதின்மர் கையொப்பமிட்டனர். ஆர். சந்தானம் ஐயர், எஸ். கிருஷ்ண ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயங்கார், டி. எஸ். இராகவாச்சாரியார் என்போர் அவருட் சிலர். சந்தானம் ஐயரே முதல் ஏஜண்டு. இன்று ஏஜண்டு என்றால் இன்ஷூரன்ஸ் விற்க வருபவர் என்று கதவைச் சாத்துகிறோம். அன்று அச்சொல் பாங்கியின் பொறுப்பனைத்தையும் தாங்கிய செயலாளரைக் குறித்தது.

பாங்கி பிறந்து ஈராண்டிற்குள், 1906 அக்டோபரில், சென்னையிற் பெருநிலை பெற்றிருந்த அர்பத்நட்டுக் கம்பெனி முறிந்தது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த நம் நாட்டார் பலர் நிலைகுலைந்தனர். அவ்வீழ்ச்சியின் விளைவாகவே வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்கி தோன்றிற்று. பெரியது என்றாலே பத்திரமானது என்னும் மயக்கம் அன்றே தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை, இது நிற்க.

கும்பகோணம் பாங்கி தன் முதற் கிளையை மன்னார்குடியில் நிறுவியது 1930 ஜனவரி 24-ஆம் நாளில். பிறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே ஒரு கிளை! இக்காலத்துத் தொழிலறிஞர் இதனைச் சோம்பல் என்பர். யான் அங்ஙனம் கருதேன். நெல்விளையும் நாட்டில் பாங்கி நடத்துவது எத்தகையது என்பதை எண்ணுக. குடியானவனுக்கு நாற்றுவிடும்போது பணம் வேண்டும். அறுவடை முடிந்தாலன்றி அவன் திருப்பித் தரலாகாது. இடையில் ஆறு மாதம் காவிரியின் கையில் இருக்கிறது. பட்டாவைக் கண்டு கடன் கொடுப்பவன் நிலத்தின் அளவை அறிவான். அந்நிலம் தலைமடையிலா கடைமடையிலா, வாய்க்கால் தூர்ந்ததா தூராததா, உடையவன் சூதாடுபவனா உழைப்பவனா என்பவற்றை அறியான். இவற்றை அறிதற்கு ஊரில் உட்கார்ந்திருத்தல் வேண்டும். அவ்வுட்காருகைக்குக் காலம் செல்லும்.

மன்னார்குடிக்குப் பின் இருபத்தைந்து ஆண்டிற்குள் நாகப்பட்டினம், சன்னாநல்லூர், ஐயம்பேட்டை, திருக்காட்டுப்பள்ளி, திருவாரூர், மணப்பாறை, மாயூரம், பொறையாறு என்னும் ஊர்களிற் கிளைகள் எழுந்தன. எங்கள் ஊரார் இப்பட்டியலைப் படத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். தெற்கே நாகப்பட்டினம், வடக்கே பொறையாறு, மேற்கே சன்னாநல்லூர், நடுவே காரைக்கால். சுற்றிலும் ஒரே பயிர், ஒரே ஆறு, ஒரே உறவுமுறை. ஆயினும் 1954 நவம்பர் முதல் நாள் வரை நாங்கள் பிரெஞ்சுக்காரர் ஆளுகையில் இருந்தோம். இங்கு ரூபாய் நோட்டு வெளியிடும் உரிமை, 1875-இற் பாரிஸில் நிறுவப்பெற்ற இந்தோசீனப் பாங்கியின் கையில் இருந்தது. எங்கள் வாய்க்காலைக் காணாத பெருமக்கள் பாரிஸிலிருந்து எங்கள் நோட்டை அச்சிட்டனர். எங்கள் வாய்க்காலை நன்கறிந்த பாங்கியோ எல்லைக்கு அப்பால் இருந்தது.

1945 மார்ச்சில் ரிசர்வ் பாங்கிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இது இடம்பெற்றது. 1957-இல் காமன்வெல்த் பாங்கியை ஏற்று, ஆடுதுறை, குடவாசல், வலங்கைமான், ஜயங்கொண்டசோழபுரம், அரியலூர் ஆகிய ஐந்து கிளைகளைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் 1960-இற் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்கி வீழ்ந்தது. நாடு அஞ்சிற்று, 1962-இல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது, சிறு பாங்கிகளை ஒன்றிலொன்று இணைக்கும் வேலையும் விரைந்தது. அவ்வலையிலே 1965-இல் சிட்டி பார்வர்டு பாங்கியும் யூனியன் பாங்கியும் கும்பகோணம் பாங்கியுடன் இணைந்தன. பெயரும் கும்பகோணம் சிட்டி யூனியன் பாங்கி என்றாயிற்று. அவ்வாண்டிலேயே சென்னைத் தியாகராய நகரிற் கிளை கண்டது. 1980-இற் பெங்களூர் சென்றது. 1987-இற் பெயரின் முதற் சொல்லை உதிர்த்துவிட்டு, சிட்டி யூனியன் பாங்கி என நின்றது.

இப்பெயரைக் கேட்போர் ஏதோ பெருநகரத்துப் பாங்கி என்றே எண்ணுவர். உண்மையில், விழுங்கப்பட்ட இரு சிறு பாங்கிகளின் பெயர்கள் வாழ்கின்றன. விழுங்கிய பாங்கியின் பெயர் மறைந்தது. ஊர்ப்பெயரோடு வெளிமாநிலம் சென்றால் மதிப்புக் குறையும் என்று கருதினர் போலும். எனக்கு இது வருத்தமே. ஆனால் தலைமையிடத்தை அவர்கள் கும்பகோணத்தினின்றும் பெயர்க்கவில்லை. கிளைகள் 800-ஐக் கடந்தபின்னும் நிலைமை அதுவே. இதற்காக அவர்களைப் பாராட்டுதல் தகும்.

என் தோழர் ஒருவர் இவ்விடத்தில் என்னை மறுப்பார். ஊர்ப்பற்று வேறு, பணம் வேறு. பெருகாத பாங்கி அழியும் என்பது அவர் கட்சி. பெருகுதல் வேண்டுமென்பதை யானும் மறுக்கிலேன். எவ்வளவு விரைவில், எத்தகைய அறிவோடு என்பதே கேள்வி. காவிரிக் கரையிலேயே கரூரில் 1926-இல் வணிகர் எழுவர் கூடி லக்ஷ்மி விலாஸ் பாங்கியை நிறுவினர். சிறு வணிகர்க்கும் தொழிலாளர்க்கும் உழவர்க்கும் கடன் கொடுத்து வளர்ந்தது அது. பிற்காலத்தில், தான் நேரில் அறிந்த சிறியோரை விடுத்துத் தொலைவிலுள்ள பெருங்கம்பெனிகளுக்குப் பெருந்தொகைகளை வழங்கப் புகுந்தது. வாராக் கடன் மலிந்தது. 2020 நவம்பர் 17-ஆம் நாள், ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாதென்று தடை விதிக்கப்பட்டது. பத்தே நாளில் அப்பாங்கி சிங்கப்பூர் டி.பி.எஸ். பாங்கியின் இந்தியக் கிளைநிறுவனத்தோடு இணைந்து மறைந்தது. வைப்புத்தொகை பிழைத்தது, பங்குதாரர்க்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. தொண்ணூற்றுநான்கு ஆண்டு வாழ்ந்த பெயர் அது. அதே கரூரில் 1916-இற் பிறந்த கரூர் வைசியா பாங்கி இன்றும் வாழ்கிறது. ஆகவே ஊரைக் குறை கூறுதற்கில்லை.

இதுகாறும் கும்பகோணம் பாங்கியைப் புகழ்ந்தேன். இனி ஒரு குறை. அன்று அப்பாங்கிகள் அறிந்த 'ஊர்' எவ்வளவு அகலமுடையது? நிலமுடையானை அறிந்தன; கடையுடையானை அறிந்தன; அந்நிலத்தில் நாற்று நட்டவளை அறிந்தனவா? ஈடு காட்ட ஒன்றுமில்லாதவர் பாங்கியின் படியை எங்ஙனம் மிதித்திருப்பர்? தூத்துக்குடியில் 1921-இல் நாடார் பாங்கி எழுந்ததன் காரணத்தையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். தம்மை அறிந்த பாங்கி பிறிதொன்று இருந்திருப்பின், ஒரு சமூகத்தார் தமக்கெனத் தாமே ஒன்றை நிறுவும் தேவை அத்துணை எழுந்திராது. அதுவே இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கி என்னும் பெயரோடு எல்லார்க்கும் பொதுவாய் நிற்கிறது.

அரசினர் இக்குறையைக் காணாமலில்லை. 1969-இற் பதினான்கு பெரும் பாங்கிகள் நாட்டுடைமையாயின. 1975-இற் கிராம பாங்கிகள் தோன்றின. எங்கள் காரைக்காலையும் தன் எல்லையிற் கொண்டு 2008-இற் புதுவை பாரதியார் கிராம பாங்கி பிறந்தது. நடுவணரசு பாதி, இந்தியன் பாங்கி நூற்றுக்கு 35, புதுவை அரசு 15 என்பது அதன் பங்கு. 2020-இல் தெருவோர வணிகர்க்கு ஈடின்றிப் பத்தாயிரம் ரூபாய் முதற்கடன் வழங்கும் திட்டமும் வந்தது. ஆகவே சட்டத்திற்குக் குறைவில்லை. நளதீர்த்தக் கரைக்கு மாலையில் வந்து நிற்பவர் மட்டும் இன்னும் தண்டல்காரரே.

பாங்கி உத்தியோகத்தர் நல்லவர், உழைப்பவர். ஆயினும் ஊரை அறியத் தொடங்கும்போதே அவர்க்கு மாற்றல் ஓலை வந்துவிடுகிறது. அடுத்து வருபவர் காகிதத்தைக் கேட்கிறார். கைப்பேசியிலேயே கடன் பெறலாம் என்று வியப்போரும் உளர். அக்கருவி நம் கணக்கை அறியும், நம்மை அறியுமோ?

இதற்கு வழியில்லை என்பார்க்கு உடுப்பியைக் காட்டுவேன். அங்கு 1925-இல் டி. எம். ஏ. பை முதலியோர் நிறுவிய பாங்கி, 1928-இற் 'பிக்மி' என்னும் சேமிப்பு முறையைத் தொடங்கிற்று. அதன் ஆள் வீடுதோறும் கடைதோறும் நாடோறும் சென்று இரண்டணா வாங்கிக் கணக்கில் வைத்தார். தண்டல்காரர் செய்வதும் அதுவே. நடையும் அதே, குறிப்பேடும் அதே, ஆனால் பணம் போகும் திசை வேறு. சிண்டிகேட் பாங்கி என வளர்ந்த அது 2020-இற் கனரா பாங்கியோடு கலந்துவிட்டது. அம்முறையை நம் காவிரிக் கடைமடையிலும் கையாளலாகாதா? கிளைக்கு ஒருவரேனும் அவ்வூரிலேயே பிறந்தவராக, பத்தாண்டேனும் மாற்றலின்றி இருப்பவராக, மாலையிற் கடைத்தெருவில் நடப்பவராக இருத்தல் வேண்டும். ஓராண்டு ஒருவர் நாடோறும் ஐம்பது ரூபாய் தவறாது செலுத்தினாரென்றால், அதனினும் நம்பத்தக்க ஈடு எந்தப் பத்திரத்தில் இருக்கிறது? அவ்வேட்டையே ஈடாகக் கொண்டு கடன் கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒரு மிதிவண்டியும் ஓர் ஆளும் போதும்.

இக்கட்டுரையை எழுதுமுன் அவ்வக்காளை மீண்டும் கண்டேன். சனிப்பெயர்ச்சி வந்தால் நாடோறும் விற்பதுபோற் பன்மடங்கு எண்ணெய் விற்குமாம். அதற்கேற்பச் சரக்கு முன்கூட்டியே வாங்கி வைத்தல் வேண்டுமாம். பணத்திற்கு என் செய்வீர்கள் என்றேன். தண்டல்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டாராம்; அவரும் தலையசைத்து, தம் குறிப்பேட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தை அதற்கென மடித்து வைத்துக்கொண்டாராம்.