மூணு மணி வரைக்கும்

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். அவர் மகனைச் சிறப்புப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலை ஒருநாள் எனக்கு வாய்த்தது. பையனுக்கு 16 வயது, என்னைவிட ஒரு பிடி உயரம். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கவில்லையென்றால் கத்துவான் என்று அக்கா சொல்லியிருந்தார். கிடைக்கவில்லை. கத்தினான். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. 20 நிமிஷத்தில் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. அக்கா இதைத் தினமும் இரண்டு தடவை செய்கிறார்.

பள்ளி வராந்தாவில் ஏழெட்டு அம்மாக்கள். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் காணாது, அதனால் மூணு மணி வரைக்கும் அங்கேயேதான். பூக் கட்டிக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு. சோகத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன் போல, கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. "இங்க யாரும் எங்களை உத்துப் பாக்க மாட்டாங்கல்ல" என்றார் ஒருவர். மே மாச லீவு என்றால்தான் வயிற்றைக் கலக்குமாம்.

ஒரு கல்யாண வீட்டில் யாரோ அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "நீ தெய்வம்மா" என்றார்களாம். "தெய்வம்னுட்டா அப்புறம் அலுப்பா இருக்குன்னு சொல்ல முடியுதா?" என்று கேட்டார். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இனி எழுதமாட்டேன்.

உதவி இல்லாமல் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. 18 வயதானபின் சட்டப்படி காப்பாளரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் தலைமையில் மாவட்டத்துக்கொரு குழு. நல்ல ஏற்பாடுதான், கையெழுத்துப் போட ஆள் இருக்கும். அம்மா போனபின் சவரம் செய்துவிட, நடுராத்திரி எழுந்து பார்க்க?

வராந்தா ஓரமாக இருந்த வயதான அம்மா சொன்னார்: "எனக்கு ஒருநாள் முன்னாடி அவன் போயிடணும்னுதான் வேண்டிக்கிறேன்." யாரும் அதிர்ச்சியடையவில்லை. பூக் கட்டும் கைகள்கூட நிற்கவில்லை. எல்லோரும் வேண்டிக்கொண்டதுதான் போலிருக்கிறது. இதைப் பாசக் குறைவு என்று சொல்பவர் அந்த வராந்தாவில் ஒரு மதியம் உட்காரட்டும். கவுன்சலிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வாய்விட்டுக் கேட்டது வேறு: பிள்ளையை நம்பி இரண்டு நாள் விட்டுவிட்டுப் போக ஓர் இடம். தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போய்வர, அல்லது சும்மா படுத்துக்கிடக்க.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் அக்கா கேட்டார்: "கத்தினானா தம்பி?"

"இல்லக்கா" என்று பொய் சொன்னேன்.

பையன் உள்ளே போனதும், குரலைத் தாழ்த்தி, ஏதோ திருடிவிட்டவர் மாதிரி சொன்னார்: "காய்ச்சல் வந்தது நல்லதாப் போச்சு. இன்னிக்கு மத்தியானம் தூங்கிட்டேன்."