சுருக்கத்துக்கு ஊசி! வெயிலுக்கு யார் பொறுப்பு?

நெற்றியிலே கோடு விழுந்தால் அதற்கோர் ஊசி. கன்னம் ஒட்டினால் அதற்கோர் ஊசி! கத்தி வேண்டாம், கட்டில் வேண்டாம், அரை மணியில் இளமை வந்துவிடும் என்று பட்டணத்துப் பெரிய வீதிகளிலே பலகை தொங்குகிறது. நெற்றி ஊசிக்குள் இருப்பது என்ன தெரியுமா, தோழர்களே? போட்டுலினம் என்னும் நஞ்சு! கெட்டுப்போன டப்பா உணவிலே பிறந்து, மூச்சையே நிறுத்தவல்ல அதே நஞ்சு. அளவுதான் மிக மிகக் குறைவு.

நஞ்சு என்பதற்காக நாம் பழிக்கவில்லை. மாறுகண்ணுக்கும், தானாக இறுகி மூடும் இமைக்கும் மருந்தென்று 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அது. பக்கவாதத்தில் முறுக்கிக்கொண்ட கையை இளக்குவதும் அதுவே. புருவத்திடைச் சுருக்கத்துக்கு அனுமதி வந்தது 2002-இல். மூன்று நான்கு மாதத்தில் சுருக்கம் திரும்பிவிடும். மறுபடியும் பணப்பையைத் திறக்க வேண்டும். வியாபாரிக்கு இதைவிட நல்ல சரக்கு உண்டா? அதையும் வேறு பல மருந்துகளையும் செய்த அல்லர்கன் கம்பெனி 2020-இல் கைமாறியபோது விலை சுமார் 6,300 கோடி டாலர்!

அது கிடக்கட்டும். 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ ஏடு ஒரு லாரி ஓட்டுநரின் படத்தை வெளியிட்டது. வயது 69, வண்டி ஓட்டியது 28 ஆண்டுகள். ஒரே முகம், இரண்டு வயது! வலப்பக்கம் அவர் வயதுக்கு ஏற்ற முகம். இடப்பக்கமோ தடித்து, ஆழ வரி விழுந்து தொங்குகிறது. அந்த நாட்டில் ஓட்டுநருக்கு இடப்புறம்தான் சன்னல். புற ஊதாக் கதிரில் ஒரு வகை, கண்ணாடியையும் ஊடுருவி வந்து தோலின் இழைகளைச் சிதைத்துவிட்டது.

முதுமையா இது? முதுமை பாதி முகத்துக்கு மட்டும் வருமா? தொழில் போட்ட கோடு!

தசையைத் தளர்த்தும் ஊசி இந்தத் தோலை மாற்றாது. மருத்துவர்கள் அவருக்குச் சொன்னவை வெயில் காப்பு, ஒரு மருந்துப் பூச்சு, தோலில் புற்றுநோய் வருகிறதா என்று அவ்வப்போது சோதனை. ஆம், புற்றுநோய்! அழகுக் கடைப் பலகையில் இந்தச் சொல்லைக் காண மாட்டீர்கள்.

இயந்திரத்தில் விரல் போனால் தொழில் விபத்து என்கிறோம். சன்னலோரம் 28 ஆண்டு உட்கார்ந்து பெற்ற காயம் மட்டும் எப்படி ‘பொலிவுக் குறை’ ஆகும்? அதைத் தொழிலாளி தன் காசில் ஊசி போட்டு மறைத்துக்கொள்ள வேண்டுமாம்!

நம் பஸ், லாரி ஓட்டுநருக்குச் சன்னல் வலப்புறம். அடுத்த ஒப்பந்தப் பேச்சிலே சீருடை, படியோடு சேர்த்து, கதிர் தடுக்கும் கண்ணாடியையும் ஆண்டுக்கொரு தோல் சோதனையையும் சங்கங்கள் எழுதிக் கேட்கட்டும்.