கைது செய்யும் அதிகாரம்: எல்லை எது?

போலீசார் நினைத்தால் யாரை வேண்டுமானாலும் கைது செய்யலாமா? கூடாது என்கிறது சட்டம். ஆனாலும் போலீஸ் நிலையத்தின் படி ஏறும்போது சாதாரண மனிதனின் நெஞ்சு படபடக்கிறது. திருடனுக்குப் பயம் இருப்பது நியாயம். திருட்டுக் கொடுத்தவனுக்கும் பயம் ஏன்?

இந்தப் பயம் இன்று நேற்று வந்தது அல்ல.

கிட்டி போட்ட காலம்

கும்பினி ஆட்சியில், சென்னை ராஜதானியில், வரி வசூலும் போலீஸ் வேலையும் தாசில்தாரின் கையிலேயே இருந்தன. வரி கட்டாதவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். தலையைக் காலோடு சேர்த்துக் கட்டி, வெயிலில் நிறுத்தினார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதே வழிதான்! விஷயம் லண்டன் பார்லிமெண்டு வரை எட்டியது. கமிஷன் ஒன்று விசாரித்தது. சித்திரவதை நடப்பது உண்மையே என்று 1855-ல் அறிக்கை கொடுத்தது. 1859-ல் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம் பிறந்தது. போலீசுக்குத் தனி இலாகா ஏற்பட்டது.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவனுக்கு எதிராகக் கோர்ட்டில் காட்டக்கூடாது என்றது 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டம். 2024 ஜூலை 1-ந் தேதி அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்தது. அதிலும் இந்த விதி இருக்கிறது. சட்டமே நம்பத் தயங்கும் இடத்தை ஜனங்கள் எப்படி நம்புவார்கள்?

சட்டம் போட்ட வேலி

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். இவை அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு தந்த உரிமைகள். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யாதீர்கள், அவசியத்தை எழுதிக் காட்டுங்கள் என்று 2014-ல் எச்சரித்தது.

பலப் பிரயோகத்துக்கும் அளவு உண்டு. தப்பி ஓடாமல் தடுக்க எவ்வளவு தேவையோ, அவ்வளவுதான். பிடிபட்ட பிறகு அடிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வேலி இருந்தும்...

2020 ஜூன் 19-ந் தேதி, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்ற புகாரில், சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு டாக்டர் பார்த்தார். மாஜிஸ்திரேட்டு காவலில் வைக்க உத்தரவிட்டார். கோவில்பட்டி கிளைச் சிறை வாங்கிக்கொண்டது. 22-ந் தேதி மகன் இறந்தார். 23-ந் தேதி தந்தை இறந்தார்! மதுரை ஐகோர்ட்டு கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. சி.பி.ஐ. விசாரித்துப் போலீசார் மீது கொலைக் குற்றம் சாட்டியது.

இங்கே சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. டாக்டர், மாஜிஸ்திரேட்டு, சிறை என்று மூன்று வாசல்கள் இருந்தன. ஒரு வாசலிலாவது யாராவது நிறுத்தி, "உடம்பில் என்ன காயம்?" என்று கேட்டு, தக்கது செய்திருந்தால்? காகிதம் நகர்ந்தது, மனிதர்களை யாரும் பார்க்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் காமிரா வேண்டும், படங்களை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால், காமிராவை வைத்தால் மட்டும் போதாது. அதில் பதிந்ததைப் பார்க்க ஆள் வேண்டும்.

யாருக்கு நஷ்டம்?

"இரண்டு தட்டுத் தட்டினால்தான் உண்மை வரும்" என்று சொல்பவர்கள் போலீசார் மட்டும் அல்ல, ஜனங்களிலும் உண்டு. அடி தாங்காதவன் உண்மையையா சொல்வான்? அடி நிற்பதற்கு எது தேவையோ, அதைச் சொல்வான். நிரபராதி சிறைக்குப் போவான். நிஜக் குற்றவாளி வெளியே நடமாடுவான்.

பயந்த ஊரில் சாட்சி சொல்ல ஆள் வராது. சாட்சி இல்லாத வழக்கு கோர்ட்டில் நிற்காது. வழக்கு நிற்காதபோது தடியின் மீது ஆசை வருகிறது. தடியைக் கண்டு ஊர் இன்னும் ஒதுங்குகிறது. இந்தச் சுழலில் முதலில் மூழ்குவது நேர்மையான போலீஸ்காரரின் உழைப்பே.

அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கும். நம்பிக்கையைச் சட்டத்தால் கொடுக்க முடியாது. அதை ஜனங்கள்தான் கொடுக்க வேண்டும். புகார் கொடுக்க வந்தவனை உட்காரச் சொல்லிக் கேட்கும் நிலையத்துக்கு அது தானாகவே வந்து சேரும்!