அமீர்பேட்டில் ஒரு மஞ்சள் யானை

ஹைதராபாத்தில் அமீர்பேட், மைத்ரிவனம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: சுவர், தூண், மாடிப்படி எதையும் விடாமல் கம்ப்யூட்டர் பயிற்சி மையங்களின் விளம்பரங்கள். அவற்றில் பல வருடம் பெரிய எழுத்தில் இருந்த பெயர்களில் ஒன்று ஹடூப். 2006இல் டக் கட்டிங் என்ற அமெரிக்கர், தன் மகனின் மஞ்சள் யானைப் பொம்மையின் பெயரையே அந்த மென்பொருளுக்கு வைத்தார். பொம்மைப் பெயர் என்று யாரும் ஒதுக்கவில்லை. கடன் வாங்கி ஃபீஸ் கட்டிப் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள்.

எனவே, வேடிக்கையாகப் பெயர் வைத்தால் மதிப்பு போய்விடும் என்று இளைஞர்களை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'கிட்' என்பது பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் ஒரு வசவு. 2005இல் அந்தப் பெயரில் மென்பொருள் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ், ரீட்மீ என்ற விளக்கக் கோப்பின் தலைப்பிலேயே அதை மடத்தனமான கருவி என்றார். ஆனால் அதே ரீட்மீயில், தரவு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைப் பொறுமையாக விளக்கவும் செய்தார். சிரித்துவிட்டு மேலே படித்தவருக்கு விஷயம் கிடைத்தது.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் ஒரு நைட் ஷிஃப்ட். வாடிக்கையாளர்களின் பணம் போய்ச் சேராமல் நின்றுவிட்டது. லாகைத் திறந்தால், பிழைச் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் தெலுங்கில் ஒரே வரி: "ஏமோ, தெலியது." என்னவோ, தெரியாது! எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிட்டது. அன்று காத்திருந்த பணத்தில் யாருடைய மருத்துவச் செலவு இருந்ததோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறரைக் கூசவைக்கும் பெயர் இன்னொரு வகை. பிரான்சில் பிறந்த 'கோக்' என்ற மென்பொருளின் பெயர் பிரெஞ்சில் சேவலைக் குறிக்கும். ஆங்கிலக் காதில் ஆபாசமாக விழும். சங்கடப்பட்டவர்கள் சொன்னதைக் கேட்டு, முப்பது வருடத்துக்கு மேல் பழகிய பெயரையே 'ராக்' என்று மாற்றினார்கள். அந்த மனசு நமக்கும் வேண்டும்.

இந்தப் பொறுப்பை கோட் எழுதுபவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. ரீட்மீ எழுதுவதைப் பயிற்சி மையங்கள் பாடமாகவே வைக்கலாம். ரிவ்யூ செய்யும் சீனியர், பிழைச் செய்தியையும் ஒருமுறை வாசித்துவிட்டு ஓகே சொல்லலாம். கல்லூரியில் ஒரு மாணவி தன் புராஜெக்டுக்கு 'பிரியாணி' என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தால், பெயரை மாற்றச் சொல்லாதீர்கள். ரீட்மீயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்: இது என்ன செய்யும், எப்படி இன்ஸ்டால் செய்வது, என்ன லைசென்ஸ், உடைந்தால் யாரைக் கேட்பது.