விஞ்ஞான மேடை: கல்லீரல் செய்யும் விஷம்

பிசினும் கண்ணாடி இழையும் சேர்த்துப் படகும் தொட்டியும் வார்க்கும் ஆலைகளில் நம்மவர் சிலரும் பணிபுரிகின்றனர். அங்கே மூக்கைத் துளைக்கும் நெடிக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டைரீன். விந்தை என்னவெனில், ஸ்டைரீன் தானாக நமது டி.என்.ஏ.வைத் தாக்குவதில்லை. அதனை உடலிலிருந்து அகற்ற முனையும் கல்லீரலே முதலில் அதை ஸ்டைரீன் ஆக்ஸைடாக மாற்றிவிடுகிறது. அதுவே டி.என்.ஏ.வில் ஒட்டிக் கேடு விளைக்கிறது. காவலனே கள்வனுக்குக் கதவு திறந்த கதைதான்!

ஆகவே ஒரு பொருளை மட்டும் சோதித்தால் உண்மை வெளிப்படாது. அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ரஸ்லிங் குழுவினர், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கோர் உபாயம் கண்டனர். ருதேனியம் என்னும் உலோகம் பிணைந்த பாலிமர், டி.என்.ஏ., கல்லீரலில் உள்ளவை போன்ற என்சைம்கள் ஆகியவற்றை மின்முனை மீது அடுக்கடுக்காகப் படியவைத்தனர். பாலேடு இதன்முன் தடித்த கம்பளம் எனலாம்.

டி.என்.ஏ.யின் இரட்டை இழை முறுக்குக் குலையாதிருக்கும்வரை, உள்ளே பொதிந்த குவானினை ருதேனியம் எளிதில் நெருங்க இயலாது. கேடுற்ற இடத்தில் இழை நெகிழும், குவானின் எலெக்ட்ரான்களை இழக்கும், மின்னோட்டம் உயரும். அவ்வுயர்வே சாட்சி.

2018-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஸ்டைரீனைப் புற்றுநோய் விளைவிக்கப் பெரிதும் வாய்ப்புள்ள பொருள்களுடன் சேர்த்தது. புதிய மருந்துகளிலும் இத்தகைய மறைவிஷம் இருத்தல் கூடும். படலத்தின் சாட்சி முழு உடலின் சாட்சி ஆகாதுதான். எனினும் எலிகளையும் நோயாளிகளையும் தேடிச் செல்லுமுன் முதற் சல்லடையாக அது உதவும்.