நித்திரை கொண்டவன் வென்ற கதை

முயலும் ஆமையும் பந்தயம் ஓடிய கதையை அறியாத பிள்ளை எம்மிடையே இல்லை. பாதி வழியிற் படுத்து நித்திரை கொண்ட முயல் தோற்றது. கண் மூடாது நடந்த ஆமை வென்றது. உறங்காதே, முயற்சி செய் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல நாமும் அக்கதையையே எடுத்தாளுகிறோம். ஆயின், அதே கதை தலைகீழாக நடக்கும் களம் ஒன்றும் உலகில் உண்டு. அங்கே நித்திரை கொண்டவனே வெல்லுகிறான்; கொள்ளாதவன் தோற்கிறான்; சில வேளைகளில் வீடு திரும்பாமலே போய்விடுகிறான். மோட்டார் சைக்கிளில் ஆண்டுதோறும் நெடுந்தூரம் செல்வோரின் களமே அது. இந்த வாரம் அவர்களைப் பற்றி நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம்.

நெடுந்தூரம் என்றால் எவ்வளவு தூரம்? அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ‘அயர்ன் பட் அசோசியேஷன்’ என்றொரு சங்கம் உண்டு. பெயரைத் தமிழாக்கினால் ‘இரும்புப் பிட்டத்தார் சங்கம்’ என்றாகும். சிரிப்பு வருவது இயல்பே. ஆனால் நாள் முழுவதும் ஆசனத்தை விட்டு எழாதிருப்போருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு கிடைக்குமோ என்பது ஐயமே. இச்சங்கத்தின் அங்கத்தவராக விரும்புவோர் பலரும் முதலில் எடுக்கும் சோதனை, 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல் ஓட்டி முடிப்பதாகும். அதாவது 1,609 கிலோமீற்றர். எமது இலங்கைத் தீவின் கடற்கரை முழுவதையும் அளந்தாலும் ஏறக்குறைய 1,340 கிலோமீற்றர்தான் என்பர். பருத்தித்துறையிலே புறப்பட்டுக் கடலோரமாகவே தீவை ஒரு முறை வலம் வந்து சேர்ந்தாலும் அந்த ஒரு நாட் கணக்குத் தீராது.

ஆணும் பெண்ணுமாகப் பல்லாயிரவர் இச்சோதனையிலே தேறியிருக்கிறார்கள். அதற்கு மேற்பட்டது 36 மணி நேரத்துக்குள் 1,500 மைல். எல்லாவற்றுக்கும் முடிமணியாக விளங்குவது 1984 ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் போட்டி. இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் இப்போட்டியில், 11 நாட்களில் ஏறத்தாழ 11,000 மைலை ஓட்டிக் கடக்கிறார்கள். சொன்னால் மட்டும் போதாது, சான்றும் வேண்டும். புறப்படும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் சாட்சிகளிடம் கையொப்பம் பெறுவதும் உண்டு. வழியிலே பெற்றோல் வாங்கிய ஒவ்வோர் இடத்திலும் நாளும் நேரமும் ஊர்ப் பெயரும் பொறித்த பற்றுச்சீட்டைப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். கணக்குப்பிள்ளையின் ஒழுங்கு இல்லாதவனுக்கு இந்த வீரம் வாய்க்காது.

இனி, ஆண்டாண்டாக ஓடுவோரின் கணக்கைப் பார்ப்போம். விஸ்கொன்சின் மாநிலச் செனற்றராக இருந்த டேவ் சீன் என்பவர், 1991 ஆம் ஆண்டு மாதிரியான தமது ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் ஒன்றிலேயே பத்து இலட்சம் மைலைக் கடந்தவர். இருபது ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டொன்றுக்கு 50,000 மைல் ஆகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 137 மைல். பத்து இலட்சம் என்னும்போது மலைக்கிறோம். ஆனால் அந்த மலை நாளுக்கு 137 மைலாக அடுக்கப்பட்ட சிறு கற்களால் ஆனது. ஒரு நாளிலே தன்னை முழுவதும் செலவழித்து விடுபவன் மறுநாள் கல் அடுக்க எழுந்திருக்க மாட்டான்.

முன்னாளில் அளவு மீற வேண்டாம் என்று வழியே சொல்லிக் கொடுத்தது. 1916 ஆம் ஆண்டிலே அகஸ்ரா வான் பியூரன், அடலைன் வான் பியூரன் என்னும் சகோதரிகள் இருவர், ஆளுக்கொரு ‘இந்தியன்’ மோட்டார் சைக்கிளில் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு அமெரிக்காவைக் குறுக்கே கடந்தனர். யுத்த காலத்திலே செய்தி கொண்டு செல்லும் பணியைப் பெண்களாலும் செய்ய முடியும் என்று காட்டுவதே அவர்களது நோக்கம். ஆண்களைப் போல உடை அணிந்தமைக்காக வழியூர்களிலே பொலிஸார் அவர்களைத் தடுத்து வைத்தனர். 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கும் அவர்கள் ஏறினர். மொத்தம் 5,500 மைல், 60 நாட்கள். நாளுக்குச் சராசரி 92 மைலைத் தாண்டவில்லை. சேறும் மணலும் மழையும் குறுக்கே நின்றன. இருட்டிய பின் அத்தகைய வழியிற் செல்வது எவருக்கும் எளிதன்று. எத்தனை ஊக்கம் இருந்தபோதிலும், நில் என்று வழி சொன்னால் நின்றே ஆக வேண்டும்.

1956 ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டத்தினால் அமெரிக்கா எங்கும் பெருநெடுஞ்சாலைகள் எழுந்தன. இன்று அந்தச் சாலைகள் எவரையும் நில் என்று சொல்வதில்லை. நள்ளிரவிலும் பெற்றோல் கிடைக்கிறது. விளக்கு பகல் போல ஒளி வீசுகிறது. எஞ்சினோ களைப்பு அறியாதது. வழியும் வண்டியும் நூறு ஆண்டுகளிலே எவ்வளவோ மாறிவிட்டன. அவற்றின்மேல் அமர்ந்து செல்லும் உடம்பு மட்டும் 1916 இல் இருந்த அதே உடம்பு. முன்பு சேறு செய்த வேலையை இன்று மனிதனுடைய அறிவே செய்ய வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,609 கிலோமீற்றரை மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினால் சுமார் 16 மணி நேரம் செல்லும். அமெரிக்கப் பெருஞ்சாலைகளில் அது சட்டத்துக்கு அமைந்த வேகமே. 24 மணி நேரத்திலே மிச்சம் 8 மணி. ஒருவன் எட்டுத் தடவை நின்று, ஒவ்வொரு தடவையும் தேநீரும் பேச்சுமாக அரை மணி நேரத்தைப் போக்கினால், அதிலே 4 மணி கரைந்துவிடும். ஆறு தடவை மட்டும் நின்று, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்திலே பெற்றோலும் தண்ணீரும் முடித்துப் புறப்படுபவனுக்கு ஒரு மணி நேரமே செலவு. மற்றவனைவிட அவனுக்கு 3 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதே 3 மணி நேரத்தை வேகத்தினாலே சம்பாதிக்க வேண்டுமாயின், வழி நெடுகிலும் மணிக்கு 124 கிலோமீற்றர் வரை ஓட வேண்டும். ஆகவே, இக்கலையில் வல்லவர்கள் வேகத்தை நாடுவதில்லை. வீண் பொழுதைக் குறைக்கிறார்கள். அவ்வாறு மிச்சம் பிடித்த பொழுதை நித்திரைக்கே செலவிடுகிறார்கள்.

சங்கத்தார் தம் அங்கத்தவருக்குக் கூறும் அறிவுரைகளும் இதையொட்டியே அமைந்துள்ளன. உன் எல்லையை நீ அறிந்துகொண்டு, அதற்குள்ளே பயணத்தை வகுத்துக்கொள் என்பது முதன்மையானது. பயணத்துக்கு முதல்நாள் வண்டியிலே புதிதாக எதையும் மாற்றிப் பூட்டாதே. வயிறு முட்ட உண்ணாதே. தண்ணீரை அடிக்கடி குடி. விழித்திருப்பதற்காக மருந்தையும் கோப்பியையும் நம்பாதே என்பன பிற. வழியோரப் பூங்காவிலுள்ள மேசையிலும் வாங்கிலும் தலைக்கவசத்தைக் கழற்றாமலே படுத்துச் சிறு தூக்கம் போடுவோரும் உளர். அந்த வாங்குக்குத் தம் சங்கத்தின் பெயராலேயே ‘விடுதி’ என்று பட்டஞ் சூட்டி மகிழ்கிறார்கள். பெரும் போட்டியிலோ ஓய்வு எடுத்தமைக்கே புள்ளிகள் உண்டு. நித்திரை கொண்டதற்குப் பரிசு கொடுக்கும் பந்தயம் வேறெங்கே இருக்கிறது!

இவ்வளவு ஏன்? மோட்டார் சைக்கிளிலே செல்பவனுக்குச் சுற்றிலும் சுவர் இல்லை. காற்று உடம்பின் ஈரத்தை உறிஞ்சுகிறது. குளிர் கை விரல்களை மரக்கச் செய்கிறது. காற்றின் இரைச்சல் செவியைக் குடைகிறது. அதற்காகவே அனுபவசாலிகள் காதை மென்பஞ்சினால் அடைத்துக்கொள்கிறார்கள். இத்தனையும் சேர்ந்து களைப்பை விரைவாக வரவழைக்கின்றன. களைத்த மூளை உடையவனைக் கேளாமலே சில வினாடி உறங்கிவிடும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலே நான்கு வினாடி கண் மூடினால், வண்டி 110 மீற்றர் தூரம் ஆளில்லாமல் ஓடியதற்குச் சமம். விழித்ததும் தான் உறங்கியதையே பலர் அறியார். அறிய வாய்ப்பில்லாமலும் சிலர் போய்விடுகிறார்கள்.

அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த டோசன், ரீட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1997 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு யாவரும் அறிய வேண்டியது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவனுடைய செயல் திறன், இரத்தத்திலே நூற்றுக்கு 0.05 பங்கு மதுசாரம் உள்ளவனுடைய திறனளவுக்குக் குன்றிவிடுகிறது. பல நாடுகளில் வாகனம் ஓட்டத் தடைவிதிக்கும் அளவு அது. 24 மணி நேரம் விழித்திருந்தவனோ ஏறக்குறைய அதைப் போல இரு மடங்கு குடித்தவனை ஒத்தவன். பின்னிரவு இரண்டு மணிக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட பொழுதே மிகவும் பொல்லாதது. அவ்வேளையில் உறங்குமாறு உடம்புக்குள்ளே அமைந்த கடிகாரம் கட்டளையிடுகிறது. குடித்துவிட்டு வாகனத்தில் ஏறுபவனை நாம் ஏசுகிறோம். நித்திரை விழித்து ஏறுபவனையோ, கெட்டிக்காரன், ஒரே மூச்சில் வந்து சேர்ந்தான் என்று மெச்சுகிறோம்.

ஓய்வு வேண்டும் என்று சொல்வது எளிது. அது எல்லோருக்கும் எளிதாகக் கிட்டியதில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. பெஸி ஸ்ரிங்ஃபீல்ட் என்னும் கறுப்பினப் பெண்மணி, 1930 களிலும் 1940 களிலும் அமெரிக்காவைத் தனித்து எட்டு முறை நெடுகச் சுற்றி வந்தவர். தேசப்படத்தின்மேல் ஒரு சதக் காசைச் சுண்டிவிட்டு, அது விழுந்த இடத்துக்குப் புறப்படுவாராம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இராணுவத்தின் கடிதங்களை மோட்டார் சைக்கிளிலே கொண்டு சென்றவரும் அவரே. நிறபேதம் கோலோச்சிய அந்நாளில் விடுதிகள் பல அவருக்குக் கதவடைத்தன. கறுப்பினத்தவர் வீடு கிடைத்தால் அங்கே தங்குவார். கிடைக்காவிட்டால், பெற்றோல் நிலையத்தின் முற்றத்திலே வண்டியை நிறுத்தி, மேலங்கியைச் சுருட்டிக் கைபிடியின்மேல் தலையணையாக வைத்து, வண்டியின்மீதே உறங்கியதாக அவரே கூறியிருக்கிறார். 1993 இல் காலமான அவருடைய பெயர், 2002 ஆம் ஆண்டிலே அமெரிக்க மோட்டார் சைக்கிள் வீரர்களின் புகழ் மண்டபத்திற் பொறிக்கப்பட்டது. அவர் கடந்த தூரம் பெரிது. அந்தத் தூரத்தின் நடுவே படுக்க ஓரிடம் தேடிய பாடு அதனினும் பெரிது.

எமது வீடுகளிலே ஆயிரம் மைல் ஓடுவோர் இல்லாதிருக்கலாம். ஆயினும் இரவோடிரவாகக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுவோர் உளர். கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் விடியுமுன் போய்ச் சேர வேண்டும் என்று புறப்படுவோர் உளர். பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுவதும் கண் விழித்துப் படித்துவிட்டுக் காலையிலே சைக்கிளில் ஏறும் மாணவரும் உளர். இவர்கள் யாவருக்கும் உடம்பு ஒன்றே. அதன் கணக்கும் ஒன்றே. “இந்த நேரத்திலே ஏன்? படுத்தெழும்பி விடியப் போகலாந்தானே” என்று வாசலிலே நின்று மறிக்கும் தாயின் சொல்லைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடாதிருப்போமாக. பத்து இலட்சம் மைல் கண்டவர்களின் அனுபவமும் அந்தச் சொல்லையே ஆதரிக்கிறது.

வீட்டுக்காரரிடத்திலும் ஒரு வேண்டுகோள். கோயிலுக்கென்றோ கொண்டாட்டத்துக்கென்றோ வாடகை வாகனம் பிடித்துப் போகிறோம். போன இடத்திலே சாரதிக்கும் தலைவாழை இலை போட்டுச் சோறு கொடுக்கிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் நாம் உள்ளே படுத்துறங்க, அவர் வாகனத்துக்குள்ளே நுளம்புக்கடியில் நெளிந்து நெளிந்து இரவைக் கழிக்கிறார். மறுநாள் எமது பிள்ளைகள் அனைவரையும் அவர் கையிலேயே ஒப்படைக்கிறோம். அடுத்த முறை இலை போடும்போது, திண்ணையிலே அவருக்கொரு பாயும் தலையணையும் போட்டு வைப்போம்.